மாப்பிள்ளை விசாரிக்கிற இடம்

ஏனுங்ண்ணா, அந்த ஸ்டூலைச் சித்தெ இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்குங்க. அங்கத்த கரிப்பொட்டி அனல் அடிக்கும். என்ன கேட்டீங்க? பூபதியா? நாலாவது வீதி, பச்சைக் கதவு வீடு, பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருக்கற பூபதியா? பையன் எப்படீன்னா கேட்டீங்க?

சிரிக்கறனேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. திருப்பூர்ல இத்தனை கடை இருக்குது, இந்தப் பாறைக்காட்டுலயே பத்துக் கடை இருக்குது, நீங்க நேரா வந்து பையனோட அப்பன்கிட்டயே பையன் எப்படீன்னு கேக்கறீங்க. நாந்தானுங்க அவனைப் பெத்தவன். ஆறுச்சாமி. அப்பா சொந்தத் தொழில் பண்றாருன்னு புரோக்கர் சொன்னாரா? அதுதானுங்க இது. இந்தத் தள்ளுவண்டி, இந்தப் பொட்டி, மேல இந்தத் தார்ப்பாய். அவரு பொய் சொல்லலை.

அட, எந்திரிக்காதீங்க. உட்காருங்கன்னா. இதுல வெக்கப்பட என்ன இருக்குது? பொண்ணைப் பெத்தவரு நாலு பேர்கிட்டக் கேக்கத்தான் செய்யணும். கேக்காம கட்டிக் குடுத்தாத்தான் தப்பு. யாரு உங்களை இங்க அனுப்புனது? முக்குல டீக்கடையிலயா? இஸ்திரிக் கடையில கேளுங்கன்னு கையைக் காட்டுனானா? பழனியப்பன்தான். குசும்பு புடிச்சவனுங்க அவன். அப்பன்கிட்டயே அனுப்பி வெச்சுட்டு அங்க உக்காந்து சிரிச்சுட்டிருப்பான்.

நான் பேசிட்டே தேய்க்கறேன், கோவிச்சுக்காதீங்க. கை நின்னா எனக்குப் பேச்சு வராது. உங்களுக்கு எந்த ஊருங்க? தாராபுரத்துக்கு அக்கட்டாலயா? பஸ்ஸு எத்தனை மணிக்கு? அது பதினொண்ணரைக்குத்தான். நேரமிருக்குது. புள்ளைக்கு என்ன வயசு? இருபத்திமூணா. ஒரே புள்ளையா. சரி, சரி.

ஒளிவு மறைவு இல்லாம சொல்லிர்றனுங்க. பூபதிக்கு உங்களுக்கு முன்னாடி நாலு வீட்டுக்காரங்க வந்து போயிட்டாங்க. பையன் மேல குத்தம் ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் இந்த ஊரோட பேரு. பாறைக்காடுன்னு இருந்ததை மாத்திரைக்காடுன்னு ஆக்கிப் போட்டானுங்க. வர்றவங்க முக்கு திரும்பறதுக்குள்ள முகம் மாறிருது. காப்பியைக் குடிக்கறாங்க, யோசிச்சுச் சொல்றோம்ங்கறாங்க, அடுத்த வாரம் போன் வருது, ஜாதகம் பொருந்தலையாம். முதல்லயே பாத்துட்டு வந்த ஜாதகமுங்க. திடீர்னு எப்படிப் பொருந்தாம போகும்? எனக்கு வர்ற ஆத்திரம் இருக்குதே, இந்தப் பொட்டியை விட எச்சா கொதிக்குமுங்க.

நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. கேள்விப்படாமயா இருப்பீங்க? அதனாலதான் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வீதியில கேக்கறீங்க. நான் சொல்றேன் கேட்டுக்குங்க. நானே சொல்லிட்டா உங்களுக்கு அப்புறம் சந்தேகம் வராது பாருங்க.

முதல்ல அது ஊசியா வரலைங்க. முதுகு வலிக்கு வந்துச்சு. பனியன் கம்பெனியில பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டே வேலை. வெளிநாட்டு ஆர்டர் சேந்துருச்சுன்னா ஒண்ணரை ஷிப்ட்டு, ரெண்டு ஷிப்ட்டு. முதுகு என்னத்துக்காகும்? யாரோ ஒருத்தன் ஒரு மாத்திரை குடுத்தான். ஆபரேசன் பண்ணுனவங்களுக்கு டாக்டர் சீட்டு எழுதித் தர்ற வலி மாத்திரை. போட்டா முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போயிருதாம். பீஸு மளமளன்னு ஓடுது, கான்ட்ராக்டருக்கும் சந்தோசம். அப்புறம் பாத்தா, வலி இல்லாட்டியும் மாத்திரை வேணும். மாத்திரை இல்லாட்டி உடம்பு பூரா வலி. அப்புறம் முழுங்குனா பத்தலைன்னு அதையே ஊசியில போட ஆரம்பிச்சுட்டானுங்க. சீட்டும் இல்லாம டாக்டரும் இல்லாம எங்கிருந்தோ பார்சல்ல வருதுங்கறாங்க. போலீஸு வரும், ரெண்டு பேரைப் புடிக்கும், நாலு பேரு புதுசா வந்துருவான்.

ஊரு என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? என்ற வண்டியைப் பாருங்க, தெரிஞ்சுக்கலாம். முன்னெல்லாம் ஒரு நாளைக்கு அறுபது எழுவது ஆம்பளைச் சட்டை வருமுங்க. இப்ப இதா, இந்த மூட்டையை அவுத்துப் பாருங்க, பூராவும் சுடிதாரு, புடவை, கம்பெனி ஓவர்கோட்டு. ஆம்பளைங்க படுத்திருக்கானுங்க, பொம்பளைங்க ரெண்டு ஷிப்ட்டு போறாங்க. வேலைக்குப் போறவனுக்குத்தான சட்டை தேய்க்கணும்? கம்பெனி வேன் வீதிக்குள்ள வந்து ஆள் ஏத்திட்டுப் போகும் முன்னெல்லாம். இப்ப மெயின் ரோட்டோட சரி. ஆதார்ல பாறைக்காடுன்னு இருந்தா வாட்ச்மேனே ஆளெடுக்கலைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிர்றான். போர் மோட்டாரைக் கழட்டிட்டுப் போயிட்டானுங்க. மாரியம்மன் கோயில் மணியைக் காணோம். ஒவ்வொரு ஊட்லயும் கேஸ் சிலிண்டருக்குச் சங்கிலி போட்டுப் பூட்டு. சொந்த மகனுக்குப் பயந்து பூட்டு போடறாங்கண்ணா.

எங்கூட்ல அந்த மாதிரி ஒண்ணும் இல்லீங்க. எங்க சிலிண்டருக்குச் சங்கிலி கெடையாது. போய்ப் பாருங்க வேணும்னா.

சரி, நவநீதன் கதைக்கு வர்றேன். அதைத்தான் நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. பொண்ணு வீட்டுக்காரங்க நாலு பேரும் அதைக் கேள்விப்பட்டுத்தான் ஓடிப் போனாங்க.

மூணாவது வீதி நவநீதன். அவனுக்கும் இப்படித்தான், போன வருஷம் பங்குனியில, காங்கேயம் பக்கமிருந்து பொண்ணைப் பெத்தவரு வந்தாரு. ராமசாமின்னு பேரு, மாட்டு யாவாரம் பண்றவரு. நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே ஸ்டூலு. துண்டை உதறிப் போட்டு உக்காந்தாரு. தம்பி எப்படிங்கன்னு கேட்டாரு.

எனக்குத் தெரியுமுங்க. ஊர்ல யாருக்கும் முன்னாடி எனக்குத்தான் தெரியும். எப்படீன்னு கேளுங்க. துணிதான். வேகாத வெயில்ல முழுக்கைச் சட்டை. அதைக் கொண்டாந்து போடுவான், தேய்ப்பேன். முழங்கைக்கு உள்பக்கம், மடங்கற எடத்துல, சின்னச் சின்னதாப் புள்ளி. துவைச்சு வந்திருக்கும், வெறுங்கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா சூடு வெச்சீங்கன்னா தங்குன ரத்தம் காப்பிப்பொடி நெறத்துல மேல வந்துரும். எந்தச் சோப்புக்கும் அது பூராவாப் போறதில்ல. தையலுக்குள்ள போயிருச்சுன்னா போகவே போகாது. இருபத்தாறு வருஷமா பொட்டி புடிக்கறனே, எனக்குத் தெரியாதா? வேற வேற சட்டைதான். எடம் மட்டும் மாறாது. எப்பவும் அந்த முழங்கை மடிப்புத்தான்.

அன்னைக்கு அந்தப் பெரியவரு கேக்கறப்ப, நவநீதன் சட்டை என்ற கைக்கு அடியிலதாங்க இருந்துச்சு. இதே பலகை மேல. நான் என்ன சொன்னேன்?

தங்கமான பையனுங்கன்னு சொன்னேன்.

அப்படிப் பாக்காதீங்க. நான் மட்டுமா சொன்னேன்? பழனியப்பனும் அதைத்தான் சொன்னான். மளிகைக் கடைக்காரரு சொன்னாரு. எதுத்த ஊட்டு டீச்சரம்மா சொன்னாங்க. பதினாலு ஊட்ல கேட்டிருக்காரு மனுசன், பதினாலு பேரும் தங்கமான பையன், தலை நிமிந்து பேச மாட்டான்னு சொல்லியிருக்கோம். வந்து விசாரிக்கறவங்ககிட்ட யாருங்க குறை சொல்லுவாங்க? ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் ஏழு தலைமுறைக்கு நிக்கும்னு எங்கம்மா சொல்லும். அதுலயும் அவன் அம்மா முந்தின நாளே எல்லா ஊட்டுக்கும் வந்து, கண்ணுல தண்ணியோட, ஒரு கால்கட்டுப் போட்டுட்டா சரியாயிருவான், நல்லவிதமாச் சொல்லுங்கன்னு கேட்டுட்டுப் போச்சு. அப்புறம் நான் எப்படிச் சொல்றது? நான் இந்த ஊர்ல பொழைக்க வேண்டாமுங்களா? இன்னைக்கு வரைக்கும் என் வாயால ஒரு கல்யாணம் கெட்டதில்லீங்க. அதுல எனக்கு ஒரு பெருமைகூட உண்டு.

ஒரு நிமிசம், கரி போட்டுக்கறேன். இன்னைக்கு ஏனோ பொட்டி சூடே நிக்க மாட்டேங்குது.

வைகாசியில கல்யாணம். பொண்ணு பேரு மேகலா. நல்ல புள்ளைங்க. என்னை அண்ணான்னுதான் கூப்புடும். வந்த ரெண்டு மாசத்துல கொலுசு போச்சு, நாலு மாசத்துல பீரோ போச்சு, அஞ்சாம் மாசம் அந்தப் புள்ளை பனியன் கம்பெனிக்குத் துணி செக்கிங் வேலைக்குப் போயிருச்சு. டிகிரி படிச்ச புள்ளை. ஒரு நாள் காலையில பத்து மணியிருக்கும், இதே நேரந்தான், கையில ஒரே ஒரு சட்டையோட வந்து நின்னுச்சு. நவநீதனுது, நான் தேய்ச்சுக் குடுத்ததுதான். கையை விரிச்சுக் காட்டி, அண்ணா இந்தக் கறை போகுங்களான்னு கேட்டுச்சு. எலுமிச்சம்பழம் தேய்ச்சுப் பாரு கண்ணுன்னேன். அது நகரலை. அப்புறம் கேட்டுச்சு, எங்கப்பா வந்து உங்ககிட்டக் கேட்டாரே, அன்னைக்கு இந்தக் கறை இருந்துச்சுங்களாண்ணான்னு.

நான் சுருக்கத்தைத்தான் பாப்பேன் கண்ணு, கறையெல்லாம் பாக்கறதில்லைன்னு சொன்னேன்.

நல்ல பதில்தானுங்களே? அது சட்டையை மடிச்சு எடுத்துட்டுப் போயிருச்சு. அதுக்கப்புறம் என்கிட்டத் துணி போடறதில்லை. அதுக்கு என் மேல என்ன கோவம்னு இன்னைக்கும் எனக்கு வெளங்கலை.

தையில நவநீதன் செத்துப் போனான். கம்பெனி பாத்ரூம்ல, மத்தியானச் சாப்பாட்டு நேரம். கதவை ஒடைச்சுத்தான் எடுத்தாங்க. இருபத்தெட்டு வயசு. காரியம் முடிஞ்சு பொண்ணைக் கூட்டிட்டுப் போக அந்த ராமசாமி வந்தாரு. டெம்போவுல ஒரு டிரங்குப் பொட்டி, ஒரு பாயி, அவ்வளவுதான் மிச்சம். போறப்ப இங்க வந்தாரு. இந்த ஸ்டூல்ல உக்காந்தாரு. நான் என்ன கேக்கப் போறாரோன்னு பொட்டியைக் கையில புடிச்சுட்டே நின்னேன். கொஞ்சம் தண்ணி குடுங்கன்னாரு. குடுத்தேன், குடிச்சாரு, சொம்பைத் திருப்பிக் குடுத்தாரு, போயிட்டாரு. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமுங்க. நாசமாப் போன்னு சொல்லியிருந்தாக்கூட எனக்கு நெஞ்சு ஆறியிருக்கும். எனக்கு அதுல இருந்து இந்த ஸ்டூல்ல யாரு உக்காந்தாலும் அவரே வந்து உக்காந்த மாதிரி இருக்குது. நீங்க உக்காருங்க, உக்காருங்க. உங்களைச் சொல்லலை.

அது போகட்டும். அந்தப் புள்ளை ஊருக்குப் போய் வாயை மூடிட்டா இருக்கும்? காங்கேயம், வெள்ளகோயில், மூலனூரு, எல்லாப் பக்கமும் பேச்சுப் பரவிருச்சு. பாறைக்காட்டுல பொண்ணு குடுக்காதீங்க, அந்த வீதியே கூடிப் பொய் சொல்லும்னு. ஒரு நவநீதன் பண்ணுனதுக்கு மத்த பையனுங்க என்ன பாவம் பண்ணுனாங்க? என்ற பூபதி என்ன பண்ணுனான்? சொல்லுங்க.

அவனைப் பத்திச் சொல்றேன். பீடி கெடையாது, தண்ணி கெடையாது. வாயைத் தொறந்து சத்தமாப் பேச மாட்டான். இப்ப கொஞ்ச மாசமா இன்னும் அமைதி. வேலை விட்டு வந்தான்னா நேரா ரூமுக்குள்ள போயிருவான், கதவைச் சாத்திட்டுத் தூங்குவான். ஊர் வம்பு கெடையாது. கூட்டாளிங்களை எல்லாம் விட்டுட்டான். நவநீதன் அவனுக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து சிநேகிதந்தான், அந்தச் சாவு அவனை ஆட்டிப் போட்டுருச்சு. கொஞ்சம் இளைச்சிருக்கான், போட்டோவுல பாத்த மாதிரி இருக்க மாட்டான், அதை இப்பவே சொல்லிர்றேன். கம்பெனியில வேலைப் பளு. நோம்பி, பண்டிகைன்னு கறி எடுத்தாக்கூட ரெண்டு வாயோட எந்திரிச்சுர்றான். டீயில மட்டும் சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டுக்குவான், அவங்கம்மா திட்டும். சின்னப் புள்ளை மாதிரி இனிப்பு கேக்கறான்னு நாங்க சிரிப்போம்.

அம்மா மேல அவ்வளவு உசுரு. எங்கூட்டுக்காரி தோட்டுல திருகாணி கழண்டுக்குதுன்னு சொன்னா, நானே சரி பண்ணிட்டு வர்றேன்னு வாங்கிட்டுப் போயிருக்கான். ஆச்சு, ஒரு மாசமாச்சு. ஆசாரி இழுத்தடிக்கறானாம். இவனுக்கு யாரையும் கடிஞ்சு கேக்கத் தெரியாது, அதான் குறை.

பொறுப்பைப் பத்திச் சொல்றேன் கேளுங்க. இஸ்திரிக்காரன் பையன்னா எப்படி இருப்பான்? தேய்ச்ச சட்டை வேணும்னா அப்பன் மூஞ்சியிலதான் விசிறுவான். இவன் அப்படி இல்லீங்க. அவன் துணியை என்கிட்டப் போடறதே இல்லை. தொடவே விட மாட்டான். அப்பா உங்களுக்குக் கை வலிக்கும், நானே பாத்துக்கறேன்னு சொல்லிக் கரண்டுப் பொட்டி ஒண்ணு வாங்கி ரூமுக்குள்ளயே வெச்சுக்கிட்டான். அவனே துவைக்கறான், அவனே தேய்க்கறான். எந்தப் பையன் செய்வான்? எங்கூட்டுக்காரிகூடச் சொல்லுவா, வர்றவ குடுத்து வெச்சவன்னு. கேக்கறப்ப எனக்கு மனசு நெறைஞ்சு போகும்.

என்னங்க? எப்ப இருந்தா? எப்ப இருந்து அவனே தேய்க்கறான்னா கேக்கறீங்க?

இருக்குமுங்க, ஒரு ஆறு, ஏழு மாசம். மாசி. இல்லை, நவநீதன் போனதுக்கப்புறம்... இல்லை, அதுக்கும் முன்னாடியே. ஏன் கேக்கறீங்க?

நல்லா இருக்குதே நீங்க கேக்கறது. என்ற பையனைப் போயா? நானே புள்ளியைப் பாத்தே ஆளைச் சொல்றவன். என் ஊட்டுக்குள்ள நடந்தா எனக்குத் தெரியாம போகுமா? நான்தான் சொன்னேனே, சிலிண்டருக்குச் சங்கிலி...

சரி. நீங்க ஒண்ணு சொல்லுங்க. பழனியப்பன் உங்களை இங்க அனுப்பறப்ப சிரிச்சானில்ல? குசும்பாத்தான சொன்னான்?

சிரிக்கலையா?

என்ன சொன்னான்? அப்படியே சொல்லுங்க. "அவரையே கேளுங்க, எங்களால சொல்ல முடியாது"ன்னா? அதைச் சொல்லிட்டு உள்ள போயிட்டானா?

ஏங்க, நீங்க வேற எத்தனை ஊட்ல கேட்டீங்க? மளிகைக் கடையில? டீச்சரம்மா ஊட்ல? அவங்க என்ன சொன்னாங்க?

தங்கமான பையன்னு சொன்னாங்களா?

எங்கேயும் போயிராதீங்க. அஞ்சு நிமிசம். ஊடு இதா பின்னாலதான். பையன் வேலைக்குப் போயிட்டான். எங்கூட்டுக்காரி ரேசன் கடைக்குப் போயிருக்கா. ஒரே ஒரு சட்டை எடுத்துட்டு வர்றேன். உங்க மனசுல இருக்கற சந்தேகத்தை உங்க கண்ணு முன்னாலயே போக்கிர்றேன். இந்தப் பொட்டியை மட்டும் பாத்துக்குங்க, துணி மேல வெச்சுராதீங்க.

இதா, வந்துட்டனுங்க. பாருங்க. கொடியில காஞ்சுட்டிருந்துச்சு. வெள்ளைச் சட்டை, முழுக்கை. கட்டிங் மாஸ்டருன்னா டீக்கா இருக்கணுமில்ல, அதுக்குத்தான் முழுக்கை. நல்லா விரிச்சுப் போடறேன், நீங்களும் எந்திரிச்சு வந்து பாருங்க. எங்கயாவது கறை தெரியுதா? எவ்வளவு வெளுப்பு பாருங்க. நான் சொல்லலை?

ஆமாங்க. சூடு வெச்சாத்தான் தெரியும்னு நாந்தான் சொன்னேன். வெக்கறேன். எனக்கென்ன பயமா?

இது வலது கை. பாருங்க. நல்லாப் பாருங்க. ஒண்ணுமில்லை. மொழுமொழுன்னு இருக்குது. பாத்தீங்களா?

இது இடது.

இருங்க. பொட்டி சூடு எச்சாயிருச்சு. சில துணி அப்படித்தான், சூடு எச்சாயிருச்சுன்னா கருகுன மாதிரி புள்ளி வரும். பாலியஸ்டர் கலந்திருந்தா வரும். இருங்க, திருப்பிப் போட்டுப் பாக்கறேன்.

இது பருத்திங்க. சுத்தப் பருத்தி. நாந்தான் தீபாவளிக்கு எடுத்துக் குடுத்தேன்.

தையலுக்குள்ளயும் இருக்குதுங்க.

அய்யோ, ஒண்ணும் பேசாதீங்கண்ணா. ஒரு நிமிசம் ஒண்ணும் பேசாதீங்க. பூபதி. எம் பூபதி. ஊர்ல எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்குது. பழனியப்பனுக்குத் தெரிஞ்சிருக்குது, டீச்சருக்குத் தெரிஞ்சிருக்குது. தெனமும் துணி கொண்டாந்து போட்டுட்டு, பூபதி நல்லா இருக்கானாண்ணான்னு கேட்டுட்டுப் போவாங்களே, அது இதுக்குத்தானா? ஒருத்தராவது, ஆறுச்சாமி உன்ற ஊட்டைப் பாருடான்னு சொல்லலை பாருங்க. சொல்லியிருந்தா ஆறு மாசம் முன்னாடியே ஆசுபத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பனே. அடிச்சாவது, கால்ல விழுந்தாவது கூட்டிட்டுப் போயிருப்பனே. அந்தத் தோடு... அவளுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?

ஆமாங்க. நான் அவங்களைக் கேக்க முடியாதுங்க. எனக்கு அந்த அருகதை இல்லை.

நீங்க எந்திரிங்க. பச்சைக் கதவு வீட்டுக்குப் போகாதீங்க. போனா எங்கூட்டுக்காரி ரேசன் கடையில இருந்து வந்துருவா, காப்பி வெச்சுக் குடுப்பா, நல்லா சிரிச்சுப் பேசுவா, உங்களுக்கு மனசு எளகிரும். பையனையும் பாக்காதீங்க, பாத்தாப் புடிச்சுப் போயிரும், அவ்வளவு சாதுவா நிப்பான். இப்பவே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருங்க. உங்க புள்ளைக்கு வேற எடம் பாருங்க. ஒரே புள்ளைங்கறீங்க.

என்னங்க? ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிக்கறீங்களா? சரிங்க. அப்படியே சொல்லிருங்க. புரோக்கர்கிட்டயும் அதையே சொல்லிருங்க. உங்க நல்ல மனசுக்குக் கையெடுத்துக் கும்புடறேன். இந்தப் பக்கமாப் போங்க, டீக்கடைப் பக்கம் போக வேண்டாம், எல்லாரும் பாத்துட்டு நிக்கறாங்க. போயிட்டு வாங்க.

ஏனுங்ண்ணா! நில்லுங்க! ஏனுங்க, தாராபுரத்தண்ணா! சித்தெ நில்லுங்க, நான் அங்க வர்றேன். இல்லை, நீங்க அங்கயே நில்லுங்க, இங்கிருந்தே சொல்றேன், உங்களுக்குக் கேக்குதில்ல? டீக்கடைக்கும் கேக்கட்டும். டேய் பழனியப்பா, உனக்குந்தாண்டா! ஜாதகம்னு சொல்லாதீங்கண்ணா! பையன் மாத்திரை போடறான்னே சொல்லுங்க! கைநெறைய ஊசித் தழும்புன்னு சொல்லுங்க! யாரு சொன்னாங்கன்னு கேட்டா, அவனைப் பெத்தவனே சொன்னான்னு சொல்லுங்க!